வீட்டுக்கு ஒரு மரச்சட்டம் போட்ட கரும்பலகை: கேள்வி பதில்

வீட்டில் சேதி எழுதி வைக்கப் பலகை செய்வது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நான் செய்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

அண்ணா, பழைய கல்யாண போட்டோ பிரேம் ஒன்று பரணில் கிடக்கிறது. கண்ணாடி மேலேயே கறுப்பு பெயின்ட் அடிக்கலாமா?

அடிக்கலாம், ஆனால் வேண்டாம் தங்கச்சி. கண்ணாடியில் பெயின்ட் சரியாகப் பிடிக்காது, ஆறு மாதத்தில் உரியத் தொடங்கும். கண்ணாடியை எடுத்துவிட்டு அந்த அளவுக்கு 4 மி.மீ. பிளைவுட் வெட்டி வாங்குங்கள். நீளம், அகலம் இரண்டிலும் 2 மி.மீ. குறைத்தே வெட்டச் சொல்லுங்கள். பெயின்ட் ஏறியதும் பலகை கொஞ்சம் தடித்துவிடும், சட்டத்துக்குள் இறங்காது. சட்டத்துக்கு வேறு நிறம் வேண்டுமென்றால் பலகையைப் பொருத்தும் முன்பே அடித்துவிடுங்கள்.

கடையில் பிளாக்போர்டு பெயின்ட் வாங்கி அடித்தேன் சார். முதல் நாள் எழுதியது இன்னும் மங்கலாகத் தெரிகிறது. பெயின்ட் மட்டமா?

பெயின்ட்டின் மேல் தப்பில்லை. அடித்துக் காய்ந்ததும் நேராக எழுதிவிட்டீர்கள், அதுதான் காரணம். புதுப்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். முதலில் எழுதும் எழுத்தின் தூள் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் என்ன துடைத்தாலும் வராது. அதனால் எழுதுவதற்கு முன் சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுவதும் தேய்க்க வேண்டும். மேலிருந்து கீழாக ஒரு முறை, இடமிருந்து வலமாக ஒரு முறை. பிறகு காய்ந்த துணியால் துடைத்தால் எல்லாத் துளையிலும் தூள் சமமாக அடைந்திருக்கும்.

உங்கள் பலகையை 220 நம்பர் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, இன்னொரு பூச்சு அடியுங்கள். பிரஷ் வேண்டாம், கோடு கோடாக விழும். சின்ன ஸ்பாஞ்ச் ரோலர் போதும். ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாக இருக்கட்டும். முதல் பூச்சு குறுக்காக என்றால் அடுத்தது நெடுக்காக. கடைசிப் பூச்சுக்குப் பிறகு மூன்று நாள் தொடாமல் வையுங்கள். இந்த மூன்று நாளைப் பொறுக்க முடியாமல் பலகையைக் கெடுத்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் என்றால் இன்னும் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்க் கடையில் அந்த பெயின்ட்டே இல்லை. வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். பளபளப்பில்லாத கறுப்பு எமல்ஷன் (சுவருக்கு அடிக்கும், தண்ணீரில் கரையும் பெயின்ட்) ஒரு கப், டைல்ஸ் இடுக்கில் பூசும் மணல் கலக்காத கிரவுட் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி. கட்டியில்லாமல் கலக்கி உடனே அடித்துவிடுங்கள், வைத்தால் இறுகிவிடும். கறுப்புதான் வேண்டும் என்றில்லை, கரும்பச்சையும் நன்றாக இருக்கும்.

அந்தக் காலத்துப் பள்ளிகளில் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பலகையில் தேய்ப்பார்கள். அந்தப் பச்சை வாசனை இன்னும் எனக்கு மறக்கவில்லை. வெறும் மரப்பலகையில் இப்போதும் செய்யலாம், அடிக்கடி பூச வேண்டியிருக்கும், அவ்வளவுதான். சில ஊர்களில் ஊமத்தை இலையும் சேர்ப்பார்கள். அது விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கூடவே கூடாது.

தாத்தா வீட்டு ஜன்னல் கதவு இருக்கிறது. பழைய பெயின்ட்டைத் தேய்த்து எடுத்துவிட்டு அதையே சட்டமாக்கலாமா?

தயவுசெய்து உலர்வாகத் தேய்க்காதீர்கள். பழைய எனாமல் பெயின்ட்டுகளில் ஈயம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பழைய பூச்சு உரியாமல் உறுதியாக இருந்தால் ஈரத்துணியால் துடைத்து, அதன் மேலேயே புது பெயின்ட் அடித்துவிடுங்கள். உரிந்து கொட்டுகிறது என்றால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள்.

காந்தமும் ஒட்ட வேண்டும், எழுதவும் வேண்டும்.

பிளைவுட் மேல் 28 கேஜ் கனமுள்ள ஜிஐ தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) ஒட்டி, அதன் மேல் பெயின்ட் அடியுங்கள். ஜிஐ தகட்டுக்கென்றே பிரைமர் இருக்கிறது, அதை அடிக்காவிட்டால் பெயின்ட் நிற்காது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது.

வாடகை வீடு. ஆணி அடித்தால் ஓனர் சத்தம் போடுவார்.

அலமாரி மேலோ ஷூ ரேக் மேலோ சுவரில் சாய்த்து வையுங்கள். டபுள் டேப்பை நம்பி மரச்சட்டத்தை மாட்ட வேண்டாம், சுண்ணாம்போடு பெயர்ந்து விழும்.

அம்மாவுக்கு 74 வயது. மாத்திரை போட்டோமா இல்லையா என்று மறந்துவிடுகிறார். அவருக்காகத்தான் செய்யப் போகிறேன். எப்படிச் செய்தால் உதவும்?

இரண்டடிக்கு ஒன்றரையடி போதும். அம்மா வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்கு நேராக வரட்டும், ஜன்னல் வெளிச்சம் மேலே அடிக்காத சுவராக இருக்கட்டும். காலை, மதியம், இரவு என்ற மூன்று சொற்களையும் கட்டக் கோடுகளையும் வெள்ளை பெயின்ட்டால் நிரந்தரமாக எழுதிவிடுங்கள், எழுத்து இரண்டு அங்குல உயரம் இருக்கட்டும். மாத்திரை போட்டதும் கட்டத்தில் அம்மாவே ஒரு கோடு இழுக்கட்டும், நீங்கள் இழுக்காதீர்கள். சாக்பீஸை நூலில் கட்டிச் சட்டத்திலேயே தொங்கவிடுங்கள். இரவு எல்லோரும் படுத்த பிறகு கோடுகளை மட்டும் துடைத்து வையுங்கள்.