வாசகர் கேள்வி–பதில்: ‘மதிப்பிற்குரிய’ என்றால் இரட்டைச் செலவு

வணிகக் கடிதமும் விளம்பரமும் எழுதும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: முதுகுப் பைகள் விற்கிறோம். ‘உயர்தரமான, நீடித்து உழைக்கும் பை’ என்று விளம்பரம் போட்டால் யாரும் கண்டுகொள்வதில்லை. இன்னும் எடுப்பான சொல் ஏதாவது இருக்கிறதா?

பதில்: இன்னொரு அடைமொழியைத் தேடினாலும் கதை அதேதான். சொல்லைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ‘மட்டமான, சீக்கிரம் கிழியும் பை’ என்று எந்தப் போட்டியாளராவது எழுதுவாரா? மாட்டார். அப்படியானால் உங்கள் வரி எல்லாப் பைக்கும் பொருந்தும். உங்கள் பைக்கென்று அதில் ஒன்றும் இல்லை.

பையை மேசையில் வைத்து, புரட்டிப் பார்த்து எழுதுங்கள்: ‘15 கிலோ தாங்கும். தோள்வார் சேரும் இடத்தில் மூன்று வரிசைத் தையல். 2 ஆண்டுக்குள் ஜிப் பழுதானால் மாற்றித் தருகிறோம்.’ பை முதலில் எங்கே பழுதாகும் என்பது வாங்குபவருக்குத் தெரியும்: ஒன்று வார், இல்லையென்றால் ஜிப். அந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் ‘நீடித்து உழைக்கும்’ என்பதை அவரே சொல்லிக்கொள்வார். எடையை மட்டும் ஏற்றிப் பார்த்த பிறகே எழுதுங்கள். 15 என்று போட்டு 12-லேயே பிய்ந்தால், பழைய அடைமொழியே தேவலை.

கேள்வி: ‘தாமதம் ஏற்பட்டமைக்கு நாம் வருந்துகிறோம். தொகை திருப்பி அளிக்கப்படும்’ என்று எழுதினோம். வாடிக்கையாளரின் கோபம் கூடியதுதான் மிச்சம். இதில் என்ன தப்பு?

பதில்: முதல் தப்பு ‘நாம்’. பல எழுத்தாளர்கள் கம்பீரத்துக்காக அதைப் போடுகிறார்கள். ஆனால் அது எதிரில் இருப்பவரையும் சேர்த்துக்கொள்ளும் சொல். ஏற்கெனவே காத்துக் காத்து நொந்தவரை வருத்தத்திலும் கூட்டாளி ஆக்கிவிட்டீர்கள். தவறு உங்களுடையது என்றால் ‘நாங்கள்’. ‘செவ்வாயன்று நாம் பேசி முடிவு செய்யலாம்’ என்பது போன்ற இடத்துக்குத்தான் ‘நாம்’.

அடுத்தது, ‘ஏற்பட்டமை’, ‘அளிக்கப்படும்’ இரண்டிலும் ஆளே இல்லை. தாமதம் தானாக வந்தது, பணமும் தானாக வரும் என்று படுகிறது. யார், எவ்வளவு, எந்தக் கணக்குக்கு, எத்தனை நாளில் என்ற நான்குக்கும் பதில் வேண்டும்: ‘உங்கள் பொருளை நாங்கள் மூன்று நாள் தாமதமாக அனுப்பினோம், மன்னியுங்கள். நீங்கள் கட்டிய முழுத் தொகையையும் அது வந்த வங்கிக் கணக்குக்கே 5 வேலை நாளுக்குள் அனுப்புகிறோம்.’ இப்படி எழுதினால் ‘பணம் எப்போது வரும்’ என்று கேட்டு வரும் அழைப்பும் குறையும்.

கேள்வி: தமிழில் எஸ்.எம்.எஸ். அனுப்பினால் செலவு கூடுகிறதே?

பதில்: தமிழ் எஸ்.எம்.எஸ். வழக்கமாக யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறை) போகும். ஆங்கிலத்தில் 160 குறிகள் பிடிக்கும் ஒரு செய்தியில் இங்கே 70-தான். தாண்டினால் 67, 67 ஆகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனிச் செய்தியாகக் கணக்கிடுவார்கள். புள்ளி, கொம்பு, கால் எல்லாமே தனிக் குறி. ‘தமிழ்’ கண்ணுக்கு 3 எழுத்து, கணக்குக்கு 5. ‘வாடிக்கையாளர்களுக்கு’ 11 எழுத்து, கணக்கில் 20!

‘உங்கள் ஆர்டர் நாளை மாலை 6 மணிக்குள் வந்து சேரும்.’ இடைவெளியும் சேர்த்து 49 குறிகள். ஒரே செய்தியில் அடங்கும். முன்னால் ‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே,’ என்று சேர்த்தால் இன்னும் 30. மொத்தம் 79, இரண்டு செய்தி. மரியாதை ‘உங்கள்’ என்பதிலேயே இருக்கிறது.

கேள்வி: ‘விற்பனை மூன்று மடங்கு அதிகரித்தது’ என்று அறிக்கையில் எழுதலாமா?

பதில்: வேண்டாம். 100 என்பது 300 ஆனதா, 400 ஆனதா என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார். ‘100-லிருந்து 300 ஆனது’ என்றே எழுதிவிடுங்கள். சதவீதத்திலும் இதே வம்பு உண்டு. சந்தைப் பங்கு 10%-லிருந்து 12% ஆனால், அது 2 சதவீதப் புள்ளி உயர்வு. ‘2% உயர்வு’ அல்ல. சதவீதக் கணக்கில் சொன்னால் 20% உயர்வு.

கேள்வி: இணையதளப் பொத்தானில் ‘பதிவு செய்யவும்’, ‘பதிவு செய்யுங்கள்’ – எது சரி?

பதில்: இலக்கணப்படி இரண்டும் சரி. ‘செய்யவும்’ அறிவிப்புப் பலகையின் குரல். ‘மாற்றவும் ரத்து செய்யவும் முடியும்’ போன்ற வரிக்குப் பக்கத்தில் அது வந்தால் கட்டளையா, வசதியா என்று கண் தடுமாறும். பொத்தானில் ‘செய்யுங்கள்’ போதும்.

கேள்வி: ‘ஆர்டர்’ என்பதா, ‘கொள்முதல் ஆணை’ என்பதா?

பதில்: வாடிக்கையாளர் போனில் எதைச் சொல்கிறாரோ அது. எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே எழுதுங்கள். முதல் பத்தியில் ‘ஆர்டர் எண்’, மூன்றாவதில் ‘ஆணை எண்’ என்றால் இரண்டு எண்களைத் தேடுவார்.