பில்லே பட்டியலா, பில்லுக்குள் பட்டியலா?

மளிகைக் கடைக்கு ஜாவாவில் பில் மென்பொருள் எழுதும் வாசகர் ஒருவர், தமது ‘பில்’ கிளாஸை (தரவையும் அதன் செயல்களையும் சேர்த்துவைக்கும் வார்ப்பு) ஜாவாவின் ஆயத்தப் பட்டியல் கிளாஸான அரேலிஸ்ட்டின் வாரிசாக, அதாவது அதன் செயல்களெல்லாம் தானே வந்துசேரும்படி ‘எக்ஸ்டெண்ட்ஸ்’ போட்டு எழுதியிருப்பதாகவும், சில பில்களில் மட்டும் மொத்தத் தொகை குறைவாக வருவதாகவும் கேட்டிருக்கிறார். அவருடைய கூட்டலில் பிழையில்லை. இரண்டு கிளாஸ்களுக்கும் அவர் கட்டிவைத்த உறவில்தான் பிழை.

பொருள் ஒன்று சேரும்போதெல்லாம் தொகையும் ஏறும்படி பட்டியலில் ஒன்றைச் சேர்க்கும் ‘ஆட்’ மெத்தடை, அதாவது செயலை, அவர் மாற்றி எழுதியிருக்கிறார். அரிசி 1,200, எண்ணெய் 180 என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் 1,380 சரியாக வருகிறது. ஆனால் வாடிக்கையாளர் தொலைபேசியில் சொல்லிவைத்த 400 ரூபாய்ச் சாமான்களை ‘ஆட்ஆல்’ கொண்டு மொத்தமாகச் சேர்க்கும்போது, அரேலிஸ்ட் அவர் எழுதிய ‘ஆட்’ பக்கமே போகாமல், நேரே தன் உள்வரிசையான அரேக்குள் நகலெடுத்துக்கொள்கிறது. சாமான் பில்லில் இருக்கும்; தொகை 1,380இலேயே நிற்கும். பட்டியலை பில்லுக்குள் ஒரு பிரைவேட் ஃபீல்டாக, அதாவது வெளியிலிருந்து தொடமுடியாத உள்ளுறுப்பாக வைத்து, தேவையான இரண்டு மூன்று மெத்தடுகளை மட்டும் வெளியே கொடுப்பதே இதற்கு வழி.

இந்தச் சறுக்கல் ஜாவாவிலேயே உண்டு. 1996இல் வந்த முதல் பதிப்பிலேயே ‘ஸ்டாக்’ என்ற அடுக்கு கிளாஸை ‘வெக்டார்’ என்ற பட்டியல் கிளாஸின் வாரிசாக்கிவிட்டதால், மேலிருந்து மட்டுமே எடுக்கவும் வைக்கவும் வேண்டிய அடுக்கின் அடியில்கூட எதையும் செருகலாம். இன்று ஸ்டாக்கின் ஆவணமே அதற்குப் பதிலாக இருமுனை வரிசையான ‘டெக்’கைப் பயன்படுத்தச் சொல்கிறது.

‘எழுதியதையே மறுபடி எழுதாமலிருக்கத்தான் இன்ஹெரிட்டன்ஸ் (வாரிசுமுறை)’ என்று சொல்லித்தருபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். வேலை உறுதி என்று முன்பணம் வாங்கும் பயிற்சி மையங்களும், இறுதியாண்டு புராஜெக்ட்டை விலைக்கு விற்கும் கடைகளும் இதையே ஓதுகின்றன. தேர்வுத்தாளோ, கிளாஸ் வரைபடத்தில் ஒன்றுக்குள் ஒன்று இருப்பதைக் காட்டும் நிரப்பிய வைரக்குறிக்கும் வெற்று வைரக்குறிக்கும் வேறுபாடு கேட்டு இரண்டு மதிப்பெண் போட்டுவிட்டு, எதை எப்போது தேர்வது என்பதைக் கேட்பதேயில்லை.

வாரிசாக்கியே தீரவேண்டிய இடம் ஒன்று உண்டு. ‘சரக்கு இருப்பில்லை’ என்று நீங்களே ஒரு எக்செப்ஷன் (பிழை நேர்ந்ததை அறிவிக்கும் கிளாஸ்) எழுதினால், அது எக்செப்ஷன் கிளாஸின், அல்லது அதன் மூதாதையான ‘த்ரோவபிள்’ளின் வழிவந்ததாகவே இருக்கவேண்டும். உள்ளே ஒரு ஃபீல்டாக எக்செப்ஷனை வைத்துக்கொண்டால் போதாது. பிழையை எழுப்பும் ‘த்ரோ’வுக்குப் பின்னால் ‘த்ரோவபிள்’ பரம்பரையில் வராத எதை வைத்தாலும் நிரலைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் ஏற்காது, எழுந்த பிழையைப் பிடிக்கும் ‘கேட்ச்’சும் அந்தப் பரம்பரையைப் பார்த்துத்தான் பிடிக்கும். இங்கே நீங்கள் வாங்கிக்கொள்வது மெத்தடுகளை அல்ல, வம்சத்தை. பில்லுக்கு அந்தக் கட்டாயம் எதுவுமில்லை.

பட்டியலை உள்ளே நகர்த்தியதும் ‘எக்ஸ்டெண்ட்ஸ்’ பகுதியை நீக்கிவிட்டு ஒருமுறை கம்பைல் செய்யுங்கள். பிழை காட்டும் வரிகளில் பெரும்பாலானவை பில்லைப் பட்டியலாக எண்ணி நேரடியாகக் கைவைத்த இடங்கள். அந்த ‘ஆட்ஆல்’ வரியும் அவற்றில் ஒன்றாக இருக்கும்.