வாசகர் கேள்வி: ஸ்டெல்வியோவின் 48 வளைவுகள்

கேள்வி: வரும் ஜூலையில் இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயை அடிவார ஊரான பிராட்டோ பக்கத்திலிருந்து சாலை சைக்கிளில் ஏற எண்ணியிருக்கிறேன். சமதளத்தில் நூறு கிலோமீட்டர் வரை சிரமமின்றி ஓட்டுவேன். என் எடை 75 கிலோ. என் சைக்கிளில் முன்னால் சிறிய பற்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரிய பற்சக்கரத்தில் 28 பல். இதுவே தாராளம் என்கிறார் நண்பர். போதுமா?

பதில்: போதாது என்பதே என் கருத்து. பிராட்டோவிலிருந்து உச்சி வரை 24 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதற்குள் சாலை ஏறத்தாழ 1,800 மீட்டர் உயர்ந்து, 2,757 மீட்டரில் கணவாயைத் தொடுகிறது. சராசரி ஏற்றம் 7.4 சதவீதம். உங்களையும் சைக்கிளையும் தண்ணீரையும் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொண்டால், இந்த எடையை இரண்டே முக்கால் மணி நேரத்தில் அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுசேர்க்க, டயர் உராய்வையும் கணக்கில் கொண்டு, சுமார் 165 வாட் திறனை இடைவிடாமல் தந்தாக வேண்டும். பழகிய கால்களுக்கு அது எட்டாத அளவன்று. ஆனால் மணிக்கு 9 கிலோமீட்டருக்கும் குறைவான அந்த வேகத்தில், 28 பல்லில் உங்கள் கால்கள் நிமிடத்துக்கு 58 சுற்றுகள்தான் சுற்றும். 10 சதவீத ஏற்றம் வரும் இடங்களில் அது 45-ஐ ஒட்டி இறங்கிவிடும். சுற்று குறையக் குறைய ஒவ்வொரு மிதிக்கும் தர வேண்டிய அழுத்தம் கூடுகிறது, அதை முழங்கால்தான் சுமக்கிறது. பின்னால் 34 பல் கொண்ட பற்சக்கரம் போட்டால் அதே வேகத்தில் 70 சுற்றுகள் கிடைக்கும். மாற்றுவதற்கு முன், செயினை நகர்த்தும் உங்கள் பின்புறக் கியர் கருவி 34 பல்லை ஏற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் செயினையும் நீளமாக்க வேண்டியிருக்கும்.

கியருக்கு அடுத்தபடி, முதல் ஒரு மணி நேரம். ட்ராஃபோய் சிற்றூரை நெருங்கும் வரை கொண்டை ஊசி வளைவுகள் இல்லை. நிழலும் ஆற்றுச் சத்தமுமாக இருப்பதால் எல்லோருக்கும் கால் துள்ளும். வளைவுகள் 48-இல் தொடங்கி இறங்குமுகமாக எண்ணிடப்பட்டிருக்கின்றன. மரங்கள் தீர்ந்து, 2,188 மீட்டரில் ஃபிரான்சென்ஸ்ஹோஹே விடுதியைத் தாண்டியதும், மீதமுள்ள சாலை முழுவதும் எதிரே சுவரில் சாய்த்த ஏணிபோல ஒரே பார்வையில் தெரியும். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைவிடக் கால் பங்குக்கு மேல் குறைவு என்பதால், கீழே செலவழித்ததை அங்கே ஈடுகட்ட வழியில்லை. நான் முதன்முறை சென்றபோது யாரோ இருவரின் பின்சக்கரத்தை ஒட்டியே ட்ராஃபோய் வரை பறந்தேன். 14 என்று எழுதிய வளைவில் சாலையோரக் கற்சுவரின்மேல் உட்கார்ந்து, தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறக்கவும் தெம்பில்லாமல் அரை மணி நேரம் கழித்தேன். பேச்சு தடைப்படாத அளவுக்கு மூச்சு வைத்துக்கொண்டு ஏறுங்கள். முதல் மணியிலிருந்தே இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது கொஞ்சம் சாப்பிடுங்கள்.

கேள்வி: ஏறுவதைவிட இறங்குவதே எனக்குப் பயமாக இருக்கிறது. என்னுடையது கார்பன் ரிம் (சக்கர விளிம்பு), அந்த விளிம்பையே இறுக்கிப் பிடிக்கும் ரிம் பிரேக். தொடர்ந்து லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் பாதுகாப்புதானே?

பதில்: பயப்படுவது நியாயமே, செய்ய நினைப்பதுதான் தவறு. ஏறும்போது சேர்த்த ஆற்றலில் பெரும்பகுதி இறங்கும்போது பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. விடாமல் உரசிக்கொண்டே வந்தால் ரிம் ஆற நேரமே கிடைக்காது; கார்பனைப் பிணைக்கும் பிசின் இளகலாம், டியூபும் வெடிக்கலாம். நேர்ச்சாலையில் பிரேக்கை விட்டுவிட்டு, வளைவுக்கு முன்னால் சக்கரம் நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்குகளையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, பிறகு திரும்புங்கள். வெளிப்பக்கக் கால் கீழே இருக்கட்டும். கண் வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். எதிரே பேருந்து வந்தால் வளைவு முழுவதும் அதற்கே வேண்டும் என்பதை மறக்காதீர்கள். உங்கள் நிலையில் நான் இருந்தால் இந்தப் பயணத்துக்கு மட்டுமாவது அலுமினிய ரிம் பூட்டிக்கொள்வேன்.

குளிரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை ஆறு டிகிரிக்கு மேல் குறையும். பிராட்டோவில் 25 டிகிரி என்றால் உச்சியில் 13-தான், அதுவும் வியர்வையில் நனைந்த உடம்புக்கு. விரல் விறைத்தால் பிரேக்கை அழுத்தவே முடியாது. உலர்ந்த உள்சட்டை, காற்றுப்புகாத மேல்சட்டை, முழுக் கையுறை மூன்றும் முதுகுப் பையில் இருக்கட்டும். இறங்கத் தொடங்கும் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இத்தனை வளைவுகள் எதற்கு?

பதில்: ஆஸ்திரியப் பேரரசு வட இத்தாலியின் லொம்பார்டியைத் தன் பிற நிலப்பகுதிகளோடு இணைப்பதற்காக, பொறியாளர் கார்லோ தொனெகானி 1820 முதல் 1825 வரை இந்தச் சாலையை அமைத்தார். குதிரை வண்டி ஏற வேண்டுமே! சரிவைக் குறைக்க வளைவுகளைப் பெருக்குவது ஒன்றே வழி. ஜீரோ தி இத்தாலியா என்னும் இத்தாலியச் சைக்கிள் பந்தயம் 1953-இல்தான் இங்கு வந்தது. அன்று இத்தாலிய வீரர் ஃபவுஸ்தோ கொப்பி, சுவிஸ் வீரர் ஹ்யூகோ கோப்லெட்டை இதே ஏற்றத்தில் பின்தள்ளி அந்த ஆண்டின் பட்டத்தையும் வென்றார்.