பெயின்ட் பை நம்பர்ஸ் (கட்டங்களில் அச்சிட்ட எண்ணுக்கு ஏற்ற வண்ணம் அடிக்கும்) படத்தில் எத்தனை கோட் அடித்தாலும் எண்கள் வெளியே தெரிகின்றன. எப்படி மறைப்பது?

மஞ்சள், வெளிர் ரோஸ், தோல் நிறம் இந்த மாதிரிக் கட்டங்களில்தான் உங்களுக்கு எண் தெரிகிறது என்று நினைக்கிறேன். கருநீலத்தில் யாருக்கும் இந்தத் தொல்லை வருவதில்லை. அப்படியென்றால் குறை உங்கள் கையில் இல்லை, அந்த வண்ணத்தில் இருக்கிறது. "பொறுமை பத்தாது, இன்னும் ரெண்டு கோட் அடி" என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்டு மனதை விட்டுவிடாதீர்கள்.

எனக்கும் அதையேதான் சொன்னார்கள். அக்காவின் பிறந்தநாளுக்குக் கொடுக்க ஒரு சூரியகாந்தித் தோட்டப் படம் எடுத்திருந்தேன். இலை, தண்டு, பூவின் நடுவில் இருக்கும் காப்பி நிறம் எல்லாம் அழகாக வந்துவிட்டன. இதழ்கள் மட்டும் வரவில்லை. பெரிய பூவின் மேல் இதழில் 17 என்ற எண் மஞ்சளுக்கு அடியில் சாம்பலாக நின்றது. கோட் ஏற ஏற இதழ் தடித்துப் பிரஷ் தடம் விழுந்ததே தவிர எண் போகவில்லை. டப்பாவில் மஞ்சளும் தீர்ந்துகொண்டே வந்தது. கிட் விற்றவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "காயவிட்டு மீண்டும் அடிக்கவும்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. எண்ணை அவ்வளவு கறுப்பாக அச்சடித்து, சுண்டுவிரல் அளவு டப்பாவில் மஞ்சளும் கொடுத்துவிட்டு இப்படிச் சொன்னால் கோபம் வராதா?

அதன் பிறகுதான் உட்கார்ந்து தேடிப் படித்தேன். ஒரு வண்ணம் அடியில் இருப்பதை மூடுமா மூடாதா என்பது பெரும்பாலும் அதிலுள்ள நிறமித் துகள் (நிறம் தரும் பொடி) ஒளியை எவ்வளவு சிதறடிக்கிறது என்பதைப் பொறுத்தது. நிறமியைப் பிடித்து வைக்கும் அக்ரிலிக் பசையின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு, சுமார் 1.5. டைட்டானியம் வெள்ளைக்கு அது 2.5க்கு மேல். இந்த இடைவெளி பெரிதாக இருப்பதால்தான் டைட்டானியம் வெள்ளை அப்படி மூடுகிறது. துத்தநாக வெள்ளைக்குச் சுமார் 2தான், அதனால் அது கொஞ்சம் கண்ணாடி போலத்தான் இருக்கும். இன்று புழங்கும் மஞ்சள் நிறமிகளில் பலவும் ஒளியை உள்ளே விடும் ரகம். கேட்மியம் மஞ்சள் நன்றாக மூடும், ஆனால் விலையும் அதிகம், நச்சும் உண்டு.

ஆக, மூடும் வேலையை மஞ்சளிடம் கேட்காதீர்கள். அதை வெள்ளையிடம் கொடுங்கள். தனியாக ஒரு சின்ன டியூப் டைட்டானியம் வெள்ளை அக்ரிலிக் வாங்குங்கள், வாங்கும்போது லேபிளில் டைட்டானியம் என்று இருக்கிறதா பாருங்கள். மெல்லிய பிரஷ் நுனியில் தொட்டு எண்ணின் மேலும் கட்டத்தின் கோட்டின் மேலும் ஒரு மெல்லிய பூச்சு. அரை மணி நேரம் காயட்டும். பிறகும் எண் மங்கலாகத் தெரிந்தால் இன்னொரு பூச்சு. அப்புறம் கட்டம் முழுக்க மஞ்சள். என் 17 அப்படித்தான் போனது. ஓரத்திலிருந்து சாய்த்துப் பார்த்தால்கூடத் தெரியவில்லை. ஒரு எச்சரிக்கை: எல்லாக் கட்டத்தையும் ஒரேயடியாக வெள்ளையாக்கிவிட்டால் எந்த எண் எங்கே என்று தெரியாது. அன்றைக்கு அடிக்கப்போகும் கட்டங்களை மட்டும் செய்யுங்கள், கிட்டோடு வரும் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளையை மஞ்சள் டப்பாவிலேயே கலந்துவிடலாமே என்று கேட்பார்கள். கலந்தால் மூடும்தான், ஆனால் நிறம் வெளிறிவிடும், ஏற்கெனவே முடித்த இதழோடு சேராது. திருத்தும் வெள்ளை மையும் வேண்டாம், மேடு தட்டி நிற்கும்.

மற்றபடி, டப்பாவைத் திறந்ததும் பல்குச்சியால் அடிவரை கிளறுங்கள். நிறமி கீழே படிந்திருக்கும், மேலே இருப்பதை மட்டும் தொட்டு அடித்தால் எந்த நிறமும் மூடாது. கெட்டியாக இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். பாதி காய்ந்ததன் மேல் பிரஷ்ஷைத் திரும்ப ஓட்டினால் அடியில் உள்ள பூச்சும் உரிந்து வரும்.

படம் வரையத் தெரிந்தவர்கள் இதைப் படித்துவிட்டு "இதெல்லாம் ஒரு பெயின்டிங்கா, குழந்தைகள் கலர் அடிக்கிற புத்தகம்தானே" என்று எழுதுவார்கள் என்று தெரியும். எங்கள் உறவிலேயே ஒருவர், படம் சுவரில் ஏறிய அன்றே அக்கா முன்னால் அப்படிச் சொன்னார். எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் ஓவியர் என்று எங்கேயும் சொல்லிக்கொண்டதில்லை. வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் மனதை ஒரே இடத்தில் நிறுத்துகிறேன், அதில் யாருக்கு என்ன நஷ்டம்? 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் டான் ராபின்ஸ் இந்த முறையைக் கொண்டுவந்தபோதும் இதே ஏளனம்தான். டாவின்சி தன் சீடர்களுக்கு எண் போட்டு வேலை பிரித்துக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டதிலிருந்து ராபின்ஸுக்கு இந்த யோசனை வந்ததாம். 2001ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகமே இந்தப் படங்களுக்கு ஒரு கண்காட்சி வைத்தது. ஏளனம் செய்பவர்கள் அதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். படத்தை ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள் என்றாலும் கெட்டுப்போகவில்லை. தெரிகிற எண்ணின் மேல் மட்டும் வெள்ளை வைத்துக் காயவிடுங்கள். பிறகு அந்த இடத்தோடு நிறுத்தாமல், கட்டம் முழுவதையும் அதே டப்பா நிறத்தால் ஒரு முறை அடியுங்கள். அந்த இடத்தில் மட்டும் அடித்தால் திட்டாகத் தெரியும். வார்னிஷ் பூசுவதாக இருந்தால் இதெல்லாம் முடிந்த பிறகு பூசுங்கள், வார்னிஷ் எந்த எண்ணையும் மறைக்காது.