மகன் சட்டமன்ற உறுப்பினராக வேண்டும் என்கிறான்: மன்னார்குடித் தாய்க்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய மகன், பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க மறுத்து, அரசியலில் இறங்கிச் சட்டமன்றத்துக்குப் போகப்போவதாகச் சொல்வது உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருப்பதில் வியப்பில்லை. அவனுடைய விருப்பத்தில் தவறில்லை. ஆனால் அரசியலையே பிழைப்பாக நம்பி இறங்குவதுதான் ஆபத்து. கையில் வேறொரு தொழில் இருப்பவரால்தான் தோல்வியையும் காத்திருப்பையும் தாங்க முடியும்.

உங்கள் பக்கத்துத் திருக்குவளையில் பிறந்த கலைஞர் கருணாநிதியை அவன் எடுத்துக்காட்டாகச் சொல்லக்கூடும். 1957இல் குளித்தலையில் தொடங்கி 2016இல் திருவாரூர் வரை, போட்டியிட்ட 13 சட்டமன்றத் தேர்தல்களிலும் வென்றவர். கல்லூரிப் பக்கமே போகாதவர். இரண்டும் உண்மை. ஆயினும் முதன்முறை அவைக்குள் நுழையும் முன்பே அவர் பெயர்பெற்ற திரைக்கதை வசனகர்த்தா என்பதையும், முதல் பத்தாண்டுகள் எதிர்க்கட்சி வரிசையிலேயே அமர்ந்திருந்தார் என்பதையும் மகனுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

சட்டமன்றத் தேர்தலில் நிற்க 25 வயதும், உள்ளாட்சித் தேர்தலில் நிற்க 21 வயதும் நிறைந்திருக்க வேண்டும். ஆகவே அவனுக்கு ஏழாண்டு அவகாசம் இருக்கிறது. திருச்சி அரசு சட்டக் கல்லூரி போன்ற ஒன்றில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர்வதே என் முதல் பரிந்துரை. தேர்தலில் தோற்றாலும் மறுநாள் நீதிமன்றத்துக்குப் போய்ச் சம்பாதிக்கலாம்.

படிக்கும் காலத்திலேயே சட்டமன்ற உறுப்பினரின் வேலை என்னவென்று அவன் அருகிலிருந்து பார்க்கட்டும். அறுவடை நேரத்தில் உங்கள் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு வாரம் நிற்கச் சொல்லுங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதென்று நெல்லைத் திருப்பி அனுப்பும்போதும், சாக்கும் லாரியும் வராமல் குவியல் மழையில் நனையும்போதும், விவசாயி முதலில் தேடுவது தொகுதி எம்.எல்.ஏ.வைத்தான். அந்த நிலையங்களை நடத்தும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தில் யாரிடம் பேசினால் லாரி வரும், ஈரப்பதத் தளர்வுக்கு மத்திய அரசின் ஒப்புதல் ஏன் தேவைப்படுகிறது, துறைகளுக்கு நிதி ஒதுக்கச் சட்டமன்றத்தில் நடக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் இதை எப்படி எழுப்புவது என்பதெல்லாம் தெரிந்தவரையே மக்கள் மறுபடியும் தேடுவார்கள். மேடைப் பேச்சு இதற்கெல்லாம் பிறகுதான்.

வழக்குகளைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. மறியலில் கைதாகி மாலைவரை கல்யாண மண்டபத்தில் இருந்துவிட்டு வருவது வேறு. கல்லெறிந்து வழக்கில் சிக்குவது வேறு. இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றால், விடுதலையான பிறகும் ஆறாண்டுகள் தேர்தலில் நிற்க முடியாது.

அரசு வேலையில் சேர்ந்துகொண்டே அரசியலும் பார்க்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு வழியில்லை, அரசு ஊழியர் கட்சியில் சேரவே நடத்தை விதிகள் இடம் தருவதில்லை.

நிலத்தை விற்க வேண்டிவருமோ என்றும் கேட்டிருந்தீர்கள். ஊராட்சி வார்டுத் தேர்தலுக்கு அப்படிப்பட்ட செலவு ஆகாது, அங்கேதான் அவன் தொடங்கவும் வேண்டும். சட்டமன்றத் தேர்தலுக்கோ சட்டம் அனுமதிக்கும் வேட்பாளர் செலவே 40 லட்சம் ரூபாய் வரை போகும். கட்சியின் துணையில்லாமல் அதைக் குடும்பச் சொத்திலிருந்து எடுக்க நினைப்பது கூடவே கூடாது. நிலப் பத்திரம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.