துறைமுகக் காவலருக்கு ஆங்கிலம்: தயங்காமல் சேருங்கள்

அன்புத் தங்கைக்கு,

எம்.ஏ. ஆங்கிலம் முடித்த கையோடு, தூத்துக்குடியில் துறைமுகப் பாதுகாப்புப் பணியாளர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் வேலை வந்திருக்கிறது. "பாதிப் பேர் முன்னாள் ராணுவத்தினர், அப்பா வயது. நான் கப்பலையே கிட்டத்தில் பார்த்ததில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகச் சேருங்கள். ஆனால் இலக்கணப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

முதல் வாரம் பாடமே வேண்டாம். அனுமதி வாங்கி, துறைமுக வாசலிலும் கப்பலில் ஏறி இறங்கும் 'கேங்வே' படி அருகிலும் நில்லுங்கள். வருகிறவரிடம் என்ன கேட்கிறார்கள், வாக்கி டாக்கியில் என்ன சொல்கிறார்கள், பதிவேட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பாடத்திட்டம் அந்தக் குறிப்பிலிருந்துதான் வரவேண்டும். 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்த, கப்பல் மற்றும் துறைமுகப் பாதுகாப்புக்கான சர்வதேச ஐ.எஸ்.பி.எஸ். விதிகளையும் படித்துவிடுங்கள். பாதுகாப்பு நிலை ஒன்றிலிருந்து இரண்டுக்கு உயர்ந்தால் வாசலில் என்ன மாறும் என்று தெரியாமல், அங்கே கேட்கவேண்டிய கேள்விகளைச் சொல்லித்தர முடியாது.

கப்பலிலிருந்து இறங்குகிறவர் பிலிப்பைன்ஸ்காரராகவோ உக்ரைன்காரராகவோ இருப்பார். அவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அல்ல. அழகான ஆங்கிலம் இரண்டு பேருக்குமே இடைஞ்சல். மரியாதை என்று நாம் படித்த 'மே' (may), 'குட்' (could), 'ஷுட்' (should) எல்லாம் குழப்பம் தரும் என்று, சர்வதேசக் கடல்சார் அமைப்பு (ஐ.எம்.ஓ.) 2001-இல் ஏற்றுக்கொண்ட எஸ்.எம்.சி.பி. எனும் கடல் தொடர்புக்கான நிலையான ஆங்கிலத் தொடர்கள் எச்சரிக்கின்றன. 'மே ஐ' என்று தொடங்காமல், 'கொஸ்டின்' என்று முதலில் சொல்லிவிட்டு 'டூ ஐ ஹேவ் பர்மிஷன்' என்று கேட்கவேண்டும். 150 என்றால் 'ஒன் ஃபைவ் ஜீரோ'. வயர்லெஸ் இரைச்சலில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றுபோலவே விழும்.

தமிழர்களுக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்து, ஏழு இலக்கம். அதில் 'பி' வருகிறது என்கிறேன். எந்தப் 'பி' என்று உங்களுக்குத் தெரிகிறதா? இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து எழுதிப் பழகியவர்கள் நாம். P என்றால் 'பாப்பா', B என்றால் 'பிராவோ' என்று எழுத்துக்கு ஒரு சொல்லாகச் சொல்லும் முறையை முதல் நாளிலிருந்தே வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வையுங்கள்.

அப்புறம், வயது. இருபத்துமூன்று வயதுப் பெண் முன்னால் தப்பாகப் பேச அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். அதனால் நீங்கள் முதலில் மாணவியாகிவிடுங்கள். "ஒரு லாரியை எப்படி சார் சோதிப்பீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் தமிழில் சொல்லட்டும். பிறகு இருவரும் சேர்ந்து அதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். பேச்சின் நடுவே திருத்தாதீர்கள்.

எதிர்காலம் பற்றிக் கேட்டீர்கள். கடல்சார் ஆங்கிலத்துக்கென்றே ஐ.எம்.ஓ.வின் 3.17 மாதிரிப் பாடத்திட்டம் இருக்கிறது. அதை இப்போதே புரட்டத் தொடங்குங்கள். பின்னால் கடல்சார் கல்லூரிகளில் விண்ணப்பிக்கும்போது உதவும். சேருமுன் இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள்: சம்பளம் மாதக் கணக்கா, மணிக் கணக்கா? துறைமுகத்துக்குள் போய்வர நுழைவுச் சீட்டு வாங்கித் தருவார்களா? சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் இரண்டாவதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.