பேச்சுப் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் காதைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 3 மாதம். 'ம்மா', 'பூ' தவிர வேறு பேச்சு இல்லை. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுகிறான். கூப்பிட்டால் சில நேரம் திரும்புகிறான், சில நேரம் இல்லை. நான் மன்னார்குடியில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். பகலில் மாமியார் பார்த்துக்கொள்கிறார். சோறு ஊட்ட செல்போனைக் கொடுப்பார். "இவன் அப்பனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்கிறார். கணவர் எனக்குச் சொந்த மாமன் மகன். நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் பேசுவான் என்றும் ஒருவர் சொன்னார். தஞ்சாவூரில் ஒரு தெரபி சென்டரில் 3 மாதத்துக்கு 45,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?
– நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தாய்

பதில்: கட்டாதீர்கள். பயிற்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் பிள்ளைக்குக் காது முழுசாகக் கேட்கிறதா என்று இதுவரை ஒருவரும் பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் பேச்சுப் பயிற்சிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது. அந்த சென்டர்காரர்கள் முதல் நாளே "காது டெஸ்ட் ரிப்போர்ட் எங்கேம்மா?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் முன்பணம் கேட்டார்கள் என்றால் அது எப்படிப்பட்ட இடம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மாமியார் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. தாமதமாகப் பேசி நன்றாக வந்தவர்கள் உண்டு. ஆனால் எந்தப் பிள்ளை அப்படி வரும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. இரண்டு வயதில் சுமார் ஐம்பது சொல் இருக்க வேண்டும்; 'பால் தா', 'அம்மா வா' என்று இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும். உங்கள் மகனிடம் இரண்டே சொல். மூன்று வயது வரை பொறுக்கிற கணக்கு இங்கே செல்லாது.

"காது கேட்குதே, தட்டு கீழே விழுந்தா திரும்புறானே" என்பீர்கள். இந்த ஒரு விஷயத்தில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். காது என்றால் கேட்கும் அல்லது கேட்காது என்று இரண்டே வகை கிடையாது. கனமான, தாழ்ந்த ஒலிகள் நன்றாகக் கேட்டு, மெல்லிய உயர்ந்த ஒலிகள் மட்டும் கேட்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவில் தவில் அடித்தால் துள்ளுவான். வாசலில் டிராக்டர் வந்தால் ஓடுவான். பாட்டி 'சட்டி' என்று சொன்னால் ச-வும் ட்-டும் தேய்ந்துபோய், 'அ', 'இ' மட்டும் காதில் விழும். 'தட்டி'க்கும் அதே, 'பத்தி'க்கும் அதே. எல்லாச் சொல்லும் ஒன்றுபோலக் கேட்டால் எதைப் பிடித்துப் பேசுவான்? அவனிடம் இருக்கிற 'ம்மா'வும் 'பூ'வும் உதட்டைப் பார்த்தே பிடித்துக்கொள்ளக்கூடியவை. பெரும்பாலான பிள்ளைகள் இப்படிப்பட்ட சொற்களில்தான் தொடங்குகின்றன, ஆகவே அதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனாலும் என் சந்தேகம் அதிகமாகிறது. இன்னொரு வகையும் உண்டு: அடிக்கடி சளி பிடித்து, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். அப்போது காது ஒரு வாரம் மந்தமாக இருக்கும், அடுத்த வாரம் தேறும். வீட்டில் எல்லோரும் "வேணும்னே கேட்காத மாதிரி நடிக்கிறான்" என்பார்கள். நீங்கள் எழுதிய 'சில நேரம் திரும்புகிறான்' இதுவாகவும் இருக்கலாம்.

பிறந்த உடனே காது பார்த்து 'பாஸ்' போட்டிருந்தாலும் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். பிறகு குறைகிற காதும் உண்டு. பிறந்தபோது மஞ்சள் காமாலை கடுமையாக ஏறிய பிள்ளைகளில் சிலருக்கு அந்தச் சின்ன சோதனை சரி என்றே காட்டும், ஆனால் நரம்பில் கோளாறு இருக்கும். சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளுக்குப் பரம்பரைக் காதுக்குறை வர வாய்ப்பு கூடுதல். பழி சொல்வதற்காக இதை எழுதவில்லை. டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

எங்கே பார்ப்பது? கல்யாண மண்டபத்தில் பேனர் கட்டி 'இலவசக் காது பரிசோதனை முகாம்' போடுகிறார்களே, அங்கே மட்டும் போகாதீர்கள். ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்லும் சோதனை பெரியவர்களுக்கானது. இரண்டு வயசுப் பிள்ளைக்கு அதைச் செய்து ரிப்போர்ட் கொடுத்தால் அந்தக் காகிதம் கடலை மடிக்கத்தான் ஆகும். சில முகாம்களுக்குப் பின்னால் இருப்பவர் காது மிஷின் விற்பவர். மிஷின் விற்றால் அவருக்குக் காசு. பிள்ளைக்கு வேண்டியது பெரா என்கிற சோதனை, கூடவே உள்காது வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஓஏஇ, நடுக்காதில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி. பெராவில் தூங்குகிற பிள்ளையின் தலையில் சின்ன வில்லைகளை ஒட்டி, சத்தத்துக்கு நரம்பு பதில் கொடுக்கிறதா என்று கணினியில் பார்ப்பார்கள். வலி கிடையாது.

இதையெல்லாம் காசில்லாமல் செய்யத்தான் மாவட்டந்தோறும் ஆரம்ப இடையீட்டு மையம், அதாவது டி.இ.ஐ.சி., ஏற்படுத்தியிருக்கிறார்கள். உங்களுக்குத் திருவாரூர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், குழந்தைகள் பிரிவில் டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள். 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்கிற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டப்படி வருஷத்துக்கு 2 தடவை அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு வண்டி வர வேண்டும். வளர்ச்சிக் குறை உள்ள பிள்ளைகளைக் கண்டுபிடித்து இந்த மையத்துக்கு அனுப்ப வேண்டும். வருகிறார்கள். எடை, பல், கண் பார்த்து ரிஜிஸ்டரில் டிக் போட்டு, அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கன்வாடி டீச்சரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. போனில் எடை ஏற்றுவது, வாக்காளர் பட்டியல் வேலை, சத்துமாவுக் கணக்கு என்று அந்த அம்மாவின் தலையில் கட்டாத வேலை இல்லை. 'இந்தப் பிள்ளை பேசவில்லை' என்று கவனிக்க அவருக்கு எங்கே நேரம்? ஆகவே வண்டி வரும் என்று உட்காராதீர்கள். நேரே போங்கள். "அடுத்த மாசம் வாங்க" என்றால் தேதியை ஓ.பி. சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுதாத தேதிக்கு அரசு ஆஸ்பத்திரியில் மதிப்பில்லை.

நாக்கை வெட்டுகிற பேச்சை விடுங்கள். நாக்குக் கட்டால் பால் குடிப்பது சிரமமாகலாம், ஓரிரு எழுத்து சரியாக வராமல் போகலாம். சொல்லே வராமல் இருப்பதற்கு அது காரணமில்லை. வசம்பு, தேன் தடவுவதாலும் பேச்சு வராது. மூளை டானிக் என்று ஆயிரக்கணக்கில் விற்பவனிடம் வாங்காதீர்கள். ஊனமுற்றோர் அட்டை வாங்கித் தருகிறேன் என்று ஒரு புரோக்கர் கட்டாயம் வருவார்; அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. காதுக் குறை என்று உறுதியாகாமல் அட்டை எதற்கு?

குறை இருந்தால் மிஷின் மாட்டலாம். மிஷினால் பயனில்லாத அளவுக்கு இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டில் 6 வயதுக்குள் காக்ளியர் இம்பிளான்ட், அதாவது உள்காதில் கருவி பொருத்தும் ஆபரேஷன், செய்கிறார்கள். ஆறு என்று போட்டிருக்கிறதே என்று ஐந்து வரை இழுத்துவிடாதீர்கள். பேச்சைப் பிடிக்கிற வயசு அதற்குள் கரைந்துவிடும்.

காது சரி என்று வந்தால் பயிற்சியைத் தொடங்குங்கள், டி.இ.ஐ.சி.யிலேயே. தனியாரிடம்தான் போவேன் என்றால் பயிற்சி கொடுப்பவரின் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள். வாரத்துக்கு வாரம் காசு கொடுங்கள், மொத்தமாகக் கொடுக்காதீர்கள். விரல் நீட்டிக் காட்டுவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, இருந்த சொல்லும் போய்விட்டது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். செல்போன் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் இரண்டு வயசுப் பிள்ளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. சோறு ஊட்டும் நேரத்தில் சுத்தமாக வேண்டாம். அத்தையிடம் சண்டை போடாமல், "காக்கா வந்திருக்கு பாரு, இது உனக்கு, இது காக்காவுக்கு" என்று பேசிக்கொண்டே ஊட்டச் சொல்லுங்கள். 'சொல்லு, சொல்லு' என்று நச்சரிக்க வேண்டாம்.

பெராவுக்குப் போகும் நாளில் பையனை விடியற்காலையிலேயே எழுப்பிவிடுங்கள், வழியில் பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள். தலைக்கு ஊற்றி, எண்ணெய் வைக்காமல் கூட்டிப் போங்கள். எண்ணெய் இருந்தால் வில்லை ஒட்டாது. பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.